நிழலற்ற நிலவு: பௌர்ணமி இரவுகளில் பார்த்துக் கற்றவை

தொலைநோக்கி வைத்திருப்பவர்களிடம் பௌர்ணமியன்று நிலவைப் பார்க்க வரலாமா என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு வாரம் முன்னதாக வாருங்கள் என்றுதான் சொல்வார்கள். அரைநிலவு நாட்களில், நிலவின் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் தாழ்ந்து நிற்பதால், ஒவ்வொரு மலைக்கும் கிண்ணக்குழிக்கும் நீண்ட நிழல் விழுகிறது. அந்த நிழலைக் கொண்டுதான் நம் கண் ஆழத்தையும் உயரத்தையும் உணர்கிறது. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், நிழல்கள் எல்லாம் அவற்றை உண்டாக்கிய பாறைகளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகின்றன. ஆகவே முழுநிலவு தட்டையாகவும் கண்ணைக் கூசவைப்பதாகவும் தெரியும் என்பது அவர்கள் வாதம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிழல் விலகிய பிறகுதான் நிலவின் தரை எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்பது முழுமையாக வெளிப்படுகிறது. அந்தக் கருமையும் வெண்மையும் பாறையின் வகையையும் வயதையும் சொல்பவை. தாம்பரம் பக்கத்து மொட்டை மாடியிலிருந்து பல ஆண்டுகளாக முழுநிலவைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், அந்த இரவில் எதைத் தேட வேண்டும், எப்படித் தேட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலவு எப்போது மிகச் சரியாக முழுமை அடைகிறது என்பதை அறிய எந்தச் செயலியும் தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 168 பாகையிலிருந்து 180 பாகை வரை வளரும் காலத்தைத்தான் பௌர்ணமித் திதி என்கிறோம். எனவே திதி முடியும் கணமே முழுநிலவின் கணம். திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் நேரம் வானியல் கணக்கோடு ஒத்துப்போகும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சில மணி நேரம் வரை வேறுபாடு இருக்கலாம். திதி பகலில் முடிந்தால், முந்தைய இரவும் அடுத்த இரவும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைந்தவை என்று கொள்ளலாம். முந்தைய இரவில் நிலவின் ஒரு விளிம்பில் கொஞ்சம் நிழல் மிஞ்சியிருக்கும். அடுத்த இரவில் எதிர் விளிம்பில் நிழல் தொடங்கியிருக்கும். இரண்டு இரவும் பார்த்தால் இரண்டு விளிம்புகளும் கிடைக்கும் என்பது இதில் உள்ள லாபம்.

நாளைவிட வேளை முக்கியம். நான் விரும்புவது பௌர்ணமிக்கு முந்தைய நாளின் அந்திப் பொழுது. அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலவு கிழக்கே எழுந்துவிடும். வானம் இன்னும் நீலமாக இருப்பதால் கூச்சம் இராது. கடல்கள் என்று அழைக்கப்படும் கரும்பகுதிகளின் எல்லைகள் வெறுங்கண்ணுக்கே துல்லியமாகத் தெரியும். இருட்டிய பிறகு அதே நிலவை வெறுங்கண்ணால் பார்த்தால் ஒளிதான் தெரியுமே தவிர நுட்பங்கள் தெரிவதில்லை. அமெரிக்க வானியலாளர் வில்லியம் பிக்கரிங், வெறுங்கண்ணால் நிலவில் காணத்தக்க 12 இடங்களை எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறார். கோப்பர்னிகஸ் கிண்ணக்குழியைச் சுற்றிய வெண்திட்டில் தொடங்கி, அமுதக் கடல், ஈரக் கடல் என்று போய், ரிஃபேயன் மலைகளில் முடியும் பட்டியல் அது. என் கண்ணுக்கு ஏழாவது இடத்தில் உள்ள ஆவிக் கடல் வரை எட்டுகிறது. அதற்கு மேல் உண்மையிலேயே பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கருவி எதுவும் இல்லாதவர்கள் இந்தப் பட்டியலோடு தொடங்கலாம். அந்தி வேளையில் மட்டும் முயன்றால் போதும்.

அடுத்தது திசை. புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புவது இதுதான். கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் நிலவு வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கும். நம் ஊரில் எழும் நிலவு அப்படி நிற்பதில்லை. இதை எனக்கு எந்த வரைபடத்தையும்விட நன்றாக விளக்கியவர் என் அத்தை. அவர் தொலைநோக்கி வழியாகப் பார்ப்பதற்கு அவ்வளவாக ஆர்வம் காட்டியதில்லை. ஆனால் கிழக்கே நிலவு எழுந்ததும், “முயல் இப்ப காதத் தூக்கிட்டு எழுந்து நிக்குது பாரு. விடியக்காலம் வந்து பாத்தீன்னா தலைகுப்புறக் கிடக்கும்” என்றார். அப்படியே இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் பகுதியில் நிலவு ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து, உச்சிக்கு அருகே கடந்து, செங்குத்தாகவே மறைவதால், அதன் முகம் ஓர் இரவுக்குள் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. கிழக்கே எழும்போது நிலவின் வடக்கு நமக்கு இடப்பக்கமும், மேற்கே மறையும்போது வலப்பக்கமும் இருக்கும்.

அந்த முயலையே வரைபடமாகப் பயன்படுத்தலாம். அதன் தலை, 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடல். வரைபடங்களில் மாரே டிராங்க்விலிட்டாட்டிஸ் என்று அச்சிடப்பட்டிருக்கும். காதுகள் வளக் கடலும் அமுதக் கடலும். உடல், தெளிவுக் கடலிலிருந்து மழைக் கடல் வழியாகப் புயல் பெருங்கடல் வரை நீள்கிறது. இந்த முயலோடு ஒட்டாமல், விளிம்புக்கு அருகே தனித்து நிற்கும் நீள்வட்டக் கரும்புள்ளி ஒன்று உண்டு. அதுதான் மாரே கிரிசியம் எனப்படும் நெருக்கடிக் கடல். எந்த இரவிலும் முதலில் அதைக் கண்டுபிடித்துவிடுவது என் வழக்கம். நிலவு எழும்போது அது ஏறக்குறைய உச்சியில், சற்று இடப்பக்கமாக இருக்கும். மறையும்போது கீழே இருக்கும். அது கிடைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து எண்ணிக்கொண்டு போகலாம். தொலைநோக்கியில் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். லென்ஸுக்குப் பதில் குழிந்த ஆடியைக் கொண்ட நியூட்டோனியன் வகை, படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டும். அதற்கு வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தால் போதும். லென்ஸ் தொலைநோக்கியில் கோணக் கண்ணாடி பொருத்தியிருந்தால் படம் இடவலமாக மாறிவிடும். அதற்கு வரைபடத்தை எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. இடவலம் மாற்றிய வரைபடம்தான் வேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை, முழுநிலவுக்கு 10x50 பைனாகுலரை முக்காலியில் பொருத்திப் பார்ப்பதே சிறந்தது என்பது என் முடிவு. முழு வட்டும் ஒரே பார்வையில் அடங்குவதால், சில கிண்ணக்குழிகளிலிருந்து நீளும், கதிர்கள் எனப்படும் வெண்கோடுகள் எங்கிருந்து கிளம்பி எங்கே போகின்றன என்பது தெரியும். கையில் பிடித்துப் பார்த்தால் பாதி நுட்பங்கள் நடுக்கத்திலேயே போய்விடும். சிறிய தொலைநோக்கி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். கண்ணுக்குக் கெடுதல் வருமோ என்று பலர் கேட்கிறார்கள். நிலவொளி கண்ணைக் கெடுக்காது, கூசவைக்கும் அவ்வளவுதான். அதற்கு நிலவு வடிகட்டி என்று தனியாக விற்கிறார்கள். அது இல்லாமலும் சமாளிக்கலாம்: தொலைநோக்கியின் பெரிய மூடியில் சிறிய துளை மூடி ஒன்று இருந்தால் அதை மட்டும் திறந்து பார்க்கலாம், அல்லது உருப்பெருக்கத்தைக் கூட்டலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி மாடி விளக்கை அணைக்காமல் விடுவது. நட்சத்திரம் பார்ப்பவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கியிருப்பதால் நிலவின் ஒளி அளவோடுதான் உள்ளே வரும். இத்தனை பிரகாசமாகத் தெரியும் நிலவின் தரை, தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறம்தான் அதற்கு. கறுப்பு வானத்தின் நடுவே இருப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது.

அப்படியானால் பௌர்ணமியன்று மட்டும் ஏன் இவ்வளவு ஒளி என்ற கேள்வி எழும். அரைநிலவின் பரப்பு முழுநிலவின் பரப்பில் பாதி. ஆனால் அதன் ஒளி பாதியல்ல, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தூசும் கற்களும் நிறைந்த நிலவுத் தரையில் ஒவ்வொரு துகளும் நிழல் வீசுகிறது. சூரியன் நமக்கு நேர் பின்னால் வரும்போது அந்தக் கோடிக்கணக்கான சிறு நிழல்கள் ஒரே நேரத்தில் மறைந்துவிடுவதும், வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்பும் அந்தத் துகள்களின் இயல்பும் சேர்ந்து நிலவைத் திடீரென்று ஒளிரவைக்கின்றன. பந்துபோல நடுவில் வெளுத்து ஓரத்தில் மங்காமல், முழுநிலவு வெட்டி ஒட்டிய வட்டம்போலத் தெரிவதற்கும் இதுவே காரணம். இந்த ஒளிர்வு உச்சத்தை அடைவது சந்திர கிரகணம் தொடங்குவதற்குச் சற்று முன்னர். கிரகணம் பார்க்கப் போகிறவர்கள் ஓரிரு மணி நேரம் முன்னதாகவே மாடிக்கு வந்துவிடுங்கள். கதிர்களைப் பார்க்க அதைவிட நல்ல வேளை வாய்க்காது.

இனிக் கதிர்கள். முழுநிலவின் தென்பகுதியில் பளிச்சென்று ஒரு வெண்புள்ளியும், அதிலிருந்து எல்லாப் பக்கமும் நீளும் வெண்கோடுகளும் பைனாகுலரில் உடனே கண்ணில் படும். அதுதான் டைக்கோ என்ற கிண்ணக்குழி. குறுக்களவு சுமார் 85 கிலோமீட்டர். சுமார் 10.8 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதியபோது உண்டானது என்று கணித்திருக்கிறார்கள். பூமியில் டைனோசர்கள் நடமாடிய காலம் அது. நிலவின் கணக்கில் இது மிகச் சமீபம். மோதலில் தெறித்த புதிய பாறைத்தூள் இன்னும் வெளுப்பாக இருக்கிறது. காலப்போக்கில் சூரியக்காற்றும் நுண் விண்கற்களும் அதைக் கறுக்கவைத்துவிடும்; பழைய கிண்ணக்குழிகளுக்குக் கதிர்கள் இல்லாதது அதனால்தான். டைக்கோவின் வயதை எப்படி அறிந்தார்கள் என்பதும் சுவையான செய்தி. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 இறங்கிய பள்ளத்தாக்கு, டைக்கோவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே கிடந்த ஒரு நிலச்சரிவு, டைக்கோவிலிருந்து பறந்துவந்த பாறைகள் விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம் என்று கருதி, அந்த மாதிரிகளின் வயதிலிருந்து கணக்கிட்டார்கள்.

சிறிய தொலைநோக்கியில் டைக்கோவை நிறுத்தி நிதானமாகப் பார்த்தால், அதைச் சுற்றி ஒரு கருவளையம் தெரியும். மோதலின் வெப்பத்தில் உருகிய பாறை கண்ணாடியாக உறைந்து விளிம்புக்கு வெளியே படிந்திருப்பதால் அது கறுத்திருக்கிறது. அந்த வளையத்துக்கு அப்பால்தான் கதிர்கள் தொடங்குகின்றன. அவை எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லை. மேற்குப் பக்கத்தில் குறைவு. விண்கல் அந்தப் பக்கத்திலிருந்து சாய்வாக வந்து மோதியிருக்க வேண்டும் என்பதன் தடயம் இது. ஒரு கதிரைப் பின்தொடர்ந்தால் அது அமுதக் கடலைக் கடந்து போவதைக் காணலாம். தெளிவுக் கடலின் குறுக்கே செல்லும் இன்னொரு வெண்கோடு டைக்கோவுடையதா, அதன் கரையிலுள்ள மெனிலாஸ் என்ற கிண்ணக்குழியுடையதா என்பது நெடுங்காலமாக விவாதத்தில் உள்ளது. நீங்களே கோட்டை நீட்டிப் பார்த்து ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். நான் மெனிலாஸ் கட்சி.

டைக்கோவுக்குச் சற்றுத் தெற்கே கிளாவியஸ் என்ற கிண்ணக்குழி இருக்கிறது. குறுக்களவில் டைக்கோவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல், சுமார் 230 கிலோமீட்டர். வளர்பிறை ஒன்பதாம், பத்தாம் நாட்களில் அதைப்போல் கண்ணைக் கவரும் பள்ளம் நிலவில் வேறில்லை. அதை முழுநிலவில் தேடிப் பாருங்கள். இடம் தெரிந்தவருக்கே விளிம்பின் ஒரு துண்டு மட்டும் அகப்படலாம். அதே நேரத்தில், வளக் கடலுக்கும் அமைதிக் கடலுக்கும் அருகே உள்ள சென்சோரினஸ் வெறும் 4 கிலோமீட்டர் அளவே ஆனாலும் வைரப்பொட்டுபோல மின்னும். முழுநிலவில் அளவு செல்லாது, இளமைதான் செல்லும். வந்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டையும்தான், ஏனென்றால் அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவையிருப்பதில்லை.

புயல் பெருங்கடல் பக்கம் போனால் மூன்று கதிர் மையங்கள் முக்கோணமாக நிற்கும். பெரியது கோப்பர்னிகஸ், 93 கிலோமீட்டர். வயது சுமார் 80 கோடி ஆண்டுகள். டைக்கோவின் கதிர்கள் நேர்கோடாக ஓடுகையில், இதன் கதிர்கள் கலைந்து பஞ்சுபோலப் பரவியிருக்கும். அடுத்தது கெப்ளர். மூன்றாவது அரிஸ்டார்க்கஸ், 40 கிலோமீட்டர் அளவுள்ள இதுதான் நிலவில் மிகப் பிரகாசமான பெரிய கிண்ணக்குழி. நெருக்கடிக் கடலின் கரையோரம் உள்ள புரோக்ளஸ் தனி ரகம். அதன் கதிர்கள் விசிறிபோல விரிந்து, ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டியதுபோல நின்றுவிடும். மிகச் சாய்வான மோதலின் அடையாளம் இது. வளக் கடலில் உள்ள மெஸ்ஸியர் என்ற இரட்டைக் கிண்ணக்குழியிலிருந்து வால்நட்சத்திரத்தின் வால்போல இரண்டு கதிர்கள் ஒரே பக்கமாக நீள்வதைக் காணச் சிறிய தொலைநோக்கியாவது வேண்டும்.

கடல்களின் நிறவேறுபாட்டைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. அமைதிக் கடலும் தெளிவுக் கடலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். அமைதிக் கடல் சற்று நீலம் கலந்த கருஞ்சாம்பலாகவும், தெளிவுக் கடலின் நடுப்பகுதி சற்று வெளுத்த பழுப்பாகவும் இருக்கும். தெளிவுக் கடலின் தென்கரையை ஒட்டி ஒரு கரும்பட்டை ஓடும். அப்பல்லோ 11 கொண்டுவந்த எரிமலைப் பாறைகளில் டைட்டேனியம் மிகுதியாக இருந்தது; அந்த நீலச்சாயலுக்கு அதுவே காரணம். நிறத்தைத் தேடினால் கிடைக்காது. எது அதிகக் கறுப்பு என்று மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் நிறமும் தானாகப் பிடிபடும். தெளிவுக் கடலின் மேற்குப் பகுதியில் லின்னே என்ற சிறு வெண்புள்ளி தெரியும். உண்மையில் அது சுமார் 2 கிலோமீட்டர் அளவுள்ள குழி. சுற்றிய வெண்தூள்தான் நமக்குத் தெரிகிறது. 1866-இல் ஏதென்ஸ் நகரிலிருந்து வானியலாளர் யூலியஸ் ஷ்மிட் இது மறைந்துவிட்டதாக அறிவித்ததால் வானியலாளர்களிடையே பெரிய பரபரப்பு ஏற்பட்டது. ஒளி விழும் கோணம் மாறினால் ஒரே இடம் எத்தனை வேடம் போடும் என்பதற்கு அந்தப் பரபரப்பே சாட்சி.

மாடிக்கு வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, சந்திரயான் எங்கே என்பதுதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கிய இடம் தெற்கு அட்சரேகை 69 பாகைக்கு அருகே உள்ளது. டைக்கோ 43 பாகையில் இருப்பதால், அதிலிருந்து தென்விளிம்பை நோக்கிப் போய், விளிம்பைத் தொடுவதற்குச் சற்று முன் நெருக்கடிக் கடலின் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கினால் அந்தப் பகுதி வரும். கலம் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிலவின் தொலைவில் ஒரு விகலை கோணம் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர், சில மீட்டர் அளவுள்ள கலத்தைப் பூமியிலுள்ள எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துக் காட்ட இயலாது.

விளிம்பைப் பற்றி இன்னொன்று. நிலவு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்று படித்திருந்தாலும், அது மெல்லத் தலையசைப்பதால் காலப்போக்கில் 59 விழுக்காட்டுப் பரப்பு நம் பார்வைக்கு வந்துவிடுகிறது. இதைக் கண்ணாலேயே காண, ஒவ்வொரு பௌர்ணமியிலும் நெருக்கடிக் கடலுக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை அந்தக் கடலின் அகலத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். சில மாதங்களில் கடல் விளிம்பை நெருங்கி ஒட்டியிருக்கும். சில மாதங்களில் நன்றாக உள்வாங்கி வந்திருக்கும். அந்தக் கடல் உண்மையில் கிழக்கு மேற்காக நீண்டது. விளிம்பின் வளைவில் இருப்பதால் நமக்கு வடக்கு தெற்காக நீண்டதுபோலத் தோன்றுகிறது.

நம் ஊர்ப் பருவங்களும் இதில் தலையிடும். சித்திரை, வைகாசியில் பகல் முழுவதும் காய்ந்த சிமெண்ட் தளம் இரவு பத்து மணி வரை அனல் விடும். தொலைநோக்கியில் நிலவின் விளிம்பு கொதிப்பதுபோல நெளியும். தளத்தில் தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் அடங்கும். நள்ளிரவுக்கு மேல் தானே சரியாகும். பக்கத்து வீட்டு ஏசி வெளியலகு இருக்கும் திசையைத் தவிர்த்துவிடுங்கள். மார்கழியில் காற்று நிதானமாக இருக்கும். ஆனால் லென்ஸில் பனி படியும், நிலவும் தலைக்கு நேர் மேலே போய்விடும். சென்னையிலிருந்து பார்க்கையில் மார்கழிப் பௌர்ணமி நிலவு உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கமாகக் கடக்கிறது. அப்போது வடக்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்த்தால் டைக்கோ மேலே இருக்கும். முக்காலி அந்த நேரத்தில் உதவாது. பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பதே கழுத்துக்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மேகத்தைச் சபிப்பதற்கு முன் ஒரு முறை பைனாகுலரை எடுத்துப் பாருங்கள். மெல்லிய மேகம் காசு கொடுத்து வாங்கும் வடிகட்டியைவிட நன்றாக ஒளியைக் குறைக்கும்.

கைபேசியில் படம் எடுப்பவர்கள் திரையில் நிலவைத் தொட்டுக் குவியத்தைப் பூட்டி, ஒளியளவைக் கதிர்கள் தெரியும்வரை குறைத்து, விரல் பட்டு அசையாமலிருக்க 2 நொடித் தாமதத்தில் எடுத்தால் போதும். ஆனால் பென்சிலால் வரைவதே மேல் என்பேன். ஒரு வட்டம் போட்டு, கடல்களை நிழலிட்டு, வெண்புள்ளிகளின் இடத்தை மட்டும் குறித்துவைத்து, இரண்டு மூன்று இரவுகள் கழித்து அதே தாளோடு மாடிக்குச் செல்லுங்கள். நிலவு சற்றுத் தாமதமாகவே எழும். நெருக்கடிக் கடல் இருக்கும் விளிம்பில் அப்போது சூரியன் மறைந்துகொண்டிருக்கும். அதன் கரை மலைகள் நிழல் வீசத் தொடங்கியிருக்கும். பௌர்ணமியன்று வெறும் வெளுத்த தீற்றலாக நீங்கள் குறித்த இடங்களில், படிப்படியாக இறங்கும் சுவர்களோடு லாங்ரெனஸும், தரையில் நீண்ட பிளவு ஓடும் பெட்டேவியஸும் என இரண்டு பெரிய கிண்ணக்குழிகள் நிற்கும்.